மகனுக்கு ஊலாவ் என்று பெயர் வைக்கலாமா?

நோர்வேயின் ட்ரொண்ட்ஹெய்ம் நகரத்துக்கு வந்து எட்டு மாதமான தங்கச்சி ஒருவர் நேற்று இந்தக் குழுவில் கேட்டிருந்தார். மார்கழியில் மகன் பிறக்கப் போகிறான். கணவரின் வேலையிடத்து மேலாளரின் பெயர் ஓலாவ். வீடு எடுக்க, வங்கிக் கணக்குத் திறக்க, முதல் பனிக்காலத்துக்குச் சரியான சப்பாத்து வாங்க என்று எல்லாவற்றுக்கும் கூடவே நின்ற மனிதர். அந்தப் பெயரையே மகனுக்கு வைப்போமே என்று கணவர் சொல்கிறார். ஊரிலிருந்து மாமி தொலைபேசியில், "அது வேதக்காரப் பெயரோ, கிறிஸ்தவப் பெயரோ? அர்த்தம் என்ன?" என்று கேட்கிறாராம். தங்கச்சிக்கு இரண்டு மனம்.

பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இந்த ஊரில் இருபத்திரண்டு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். இந்தப் பெயரைக் கூப்பிடாமல் எனக்கு ஒரு வேலைநாள் முடிந்ததில்லை.

முதலில் உச்சரிப்பு. எழுத்தைப் பார்த்து நாமெல்லாம் ஓலாவ் என்று வாசிக்கிறோம். நோர்வேக்காரர் வாயில் அது "ஊலாவ்". முதல் எழுத்தை "ஓ" என்று திறக்காமல், உதட்டைக் குவித்து "ஊ" என்று இழுக்க வேண்டும். இதே பெயரின் இன்னொரு வடிவமான ஓலெயும் அவர்கள் வாயில் "ஊலெ" தான். தலைநகரையே அவர்கள் "உஸ்லு" என்கிற மாதிரித்தான் சொல்கிறார்கள், கவனித்திருப்பீர்கள். எனக்கு இதை மனதில் வைக்க உதவியது நம்முடைய "உலாவு" என்ற சொல். ஞாயிற்றுக்கிழமை மழையானாலும் பனியானாலும் காட்டுக்குள் உலாவப் போகிற சனம் இது. உலாவுகிறவர் ஊலாவ் என்று நினைத்துக்கொண்டேன், அதற்குப் பிறகு பிழைக்கவில்லை. புதிதாக வந்தவர்கள் மேலாளரை நாளைக்கே இப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள், அவர் முகத்தில் தெரியும்.

இப்போது மாமியின் கேள்வி, அர்த்தம். இதை நிதானமாக எழுத ஆசைப்படுகிறேன்.

நோர்வே மொழிக்கு மூலமான பழைய நோர்ஸ் மொழியில் இந்தப் பெயர் ஓலாஃப்ர். அதற்கும் முந்தைய வடிவத்தை மொழியறிஞர்கள் "அனுலைபாஸ்" என்று மீட்டெடுத்திருக்கிறார்கள். அனு என்றால் முன்னோர், மூதாதை. லைபாஸ் என்றால் மிஞ்சி நிற்பவர், வாரிசு. முன்னோரில் மிஞ்சியவன், மூதாதையின் வழித்தோன்றல் என்பதுதான் பெயரின் பொருள். நடுவில் இருந்த "ன்" இங்கே காலப்போக்கில் கரைந்து போனது. ஆனால் கடல் கடந்து போன இடங்களில் அதன் தடம் நின்றுவிட்டது. பழைய ஆங்கில நூல்களில் இதே பெயர் அன்லாஃப் என்று வருகிறது, அயர்லாந்தில் அம்லாயிவ் ஆனது. லெய்வ் என்ற இன்னொரு நோர்வே ஆண் பெயரும் அந்த லைபாஸ் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

இதைத் தமிழில் யோசித்துப் பாருங்கள். "எச்சம்" என்ற சொல்லுக்கு மிஞ்சியது என்றும் பொருள், பிள்ளைகள் என்றும் பொருள். குறளில் வரும் எச்சத்துக்குப் பரிமேலழகர் மக்கள் என்றுதான் உரை சொன்னார். மிஞ்சுவதும் வாரிசும் அவர்களுக்கும் ஒரே சொல், எங்களுக்கும் ஒரே சொல்.

அதைவிட நெருக்கமானது "பேரன்". பெயரன் என்பதுதான் பேரன், பாட்டனின் பெயரைச் சுமப்பவன். யாழ்ப்பாணத்தில் எங்கள் பேச்சில் பேரன் என்றால் பாட்டனும்தான். "அவன்ரை பேரன் வாத்தியார்" என்றால் தாத்தாவைத்தான் சொல்கிறோம். ஒரே பெயர் மேலும் கீழும் போய் வந்ததால் ஒரே சொல் இரண்டு பேருக்கும் பொருந்திவிட்டது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது விநோதமாக இருக்கும், ஆனால் ஊலாவ் என்ற பெயருக்கு ஒரு தமிழ்ச் சொல் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். முன்னோரும் வாரிசும் ஒரே பெயருக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெயர் வைக்கும் முறையும் அப்படித்தான். நோர்வேக் கிராமங்களில் முதல் மகனுக்கு அப்பப்பாவின் பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மப்பாவின் பெயர். பெண் பிள்ளைகளுக்கும் அதே மாதிரி அப்பம்மா, அம்மம்மா. குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலான கிராமத்துச் சனத்திடம் இருக்கவில்லை. தகப்பன் பெயரோடு மகன் அல்லது மகள் என்று சேர்ப்பார்கள். ஹான்ஸின் மகன் ஊலெ என்றால் ஊலெ ஹான்ஸன். அவருடைய மகனுக்குத் தாத்தா பெயர் ஹான்ஸ், ஆகவே ஹான்ஸ் ஊல்ஸன். அவருடைய மகன் மறுபடி ஊலெ ஹான்ஸன். பழைய தேவாலயப் பதிவேடுகளில் ஒரு பண்ணையில் நூறு வருடத்துக்கு இந்த இரண்டு பெயரும் மாறி மாறி வரும். எங்கள் வீட்டுக் காணி உறுதிப் பத்திரங்களில் கந்தையா முருகேசு, முருகேசு கந்தையா என்று மாறி மாறி வருவது நினைவுக்கு வரவில்லையா? 1923-ல் வந்த பெயர்ச் சட்டம்தான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலையான பெயர் வேண்டும் என்றது. யாரோ ஒரு தாத்தாவின் தகப்பன் பெயர் அப்படியே உறைந்து நின்றது. அதனால்தான் இன்று ஊல்ஸன் நாட்டின் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று. பெண்களும் ஊல்ஸன்தான், ஊலெயின் மகன் என்ற பொருளை யாரும் இப்போது பார்ப்பதில்லை.

கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டதே, எல்லோரும் என்னை அப்பா பெயரால் கூப்பிடுகிறார்களே என்று இங்கே மாதம் ஒருவர் கவலையோடு எழுதுகிறீர்கள். நோர்வேக்காரருக்கு இதை விளக்கும்போது, "உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்து முறைதான் எங்களுடையது" என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொல்கிறேன். வயதானவர்களுக்கு உடனே பிடிபடும். ஐஸ்லாந்தில் இன்றும் அதே முறைதான், அங்கே ஓலாவுரின் மகன் ஓலாஃப்ஸன், மகள் ஓலாஃப்ஸ்டோட்டிர்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. மீதியை இரவு எழுதுகிறேன்.

*

வந்துவிட்டேன்.

என் வேலையிடத்தில் ஒரு காலத்தில் ஒரே மாடியில் மூன்று ஊலாவ் இருந்தார்கள். கதவுகளில் பெயர்ப்பலகை வரிசையாக ஊலாவ், ஊலாவ், நடுவில் ஒரு இங்கெபோர்க், மறுபடி ஊலாவ். மருந்துத் தட்டைக் கொண்டு போகும்போது பிறந்த திகதியை இரண்டு தரம் பார்ப்போம். 1900-களின் முதல் பத்தாண்டுகளில் இது நாட்டின் முன்னணி ஆண் பெயர்களில் ஒன்று. பிறகு அறுபது, எழுபதுகளில் பிறந்த பிள்ளைகளுக்குக் குறைந்துவிட்டது. தாத்தா பெயர் என்று ஒதுக்கிவிட்டார்கள். இப்போது மறுபடி காற்று திரும்பியிருக்கிறது. யாக்கொப், ஒஸ்கார், எமில் எல்லாம் முதியோர் இல்லத்தின் கதவுகளிலிருந்து எழுந்து பாலர் பள்ளியில் உடுப்பு மாட்டும் குட்டிக் கொளுவிகளுக்கு மேலே போய்விட்டன. ஊலாவும் அந்த வரிசையில் போகிறது. என் தோழி வேலை செய்யும் பாலர் பள்ளியில் இரண்டு ஊலாவ், இருவருக்கும் நான்கு வயது. ஆகவே கேலி செய்வார்களா என்ற பயம் வேண்டாம். ஒவ்வொரு வருடமும் எத்தனை பிள்ளைகளுக்கு எந்தப் பெயர் வைத்தார்கள் என்று நோர்வேப் புள்ளிவிவர நிறுவனத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெயரைத் தட்டினால் 1880-லிருந்து கோடு ஏறி இறங்கும் படம் வரும். உங்கள் தமிழ்ப் பெயரையும் தட்டிப் பாருங்கள்.

அந்த மூவரில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை. அவருக்கு எண்பத்துநான்கு வயது. இங்கே மருத்துவர், ஆசிரியர், முதலாளி எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், சேர், மேடம் கிடையாது என்று சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் அந்த வயதுக்காரரை வெறும் பெயரில் கூப்பிட எனக்கு நா எழவில்லை. காலைச் சாப்பாடு கொடுக்கும்போது மெதுவாக "அப்பு" என்றேன். என்ன சொன்னாய் என்று கேட்டார். எனக்கு அரைகுறை நோர்வே மொழி. எங்கள் மொழியில் வயதான தகப்பனை, தாத்தாவை அப்படிக் கூப்பிடுவோம் என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். அவர் பாணில் பழுப்புப் பாற்கட்டியை மெல்லிய சீவலாகச் சீவி வைத்துக்கொண்டே, தன் தாத்தாவின் பெயரும் ஊலாவ்தான், தன் பேரன் பெயரும் ஊலாவ்தான் என்றார். அப்புறம் சீவியை என் கையில் தந்து, இப்படிச் சாய்த்துப் பிடி என்று காட்டினார். அன்றிலிருந்து அவர் எனக்கு அப்பு ஊலாவ். பேரன் வந்தால், "இவள் என்னை அப்பு என்கிறாள், அது உனக்குக் கிடைக்காது" என்பார்.

சரி, வேதக்காரப் பெயரா என்ற கேள்வி. பெயர் கிறிஸ்தவத்துக்கு முந்தியது. தோர், ஓதின் என்று தெய்வங்களை வணங்கிய காலத்துப் பெயர். ஆனால் அதைப் புகழாக்கியவர்கள் இரண்டு கிறிஸ்தவ அரசர்கள். ஒருவர் ஊலாவ் த்ருக்வாஸன், 995 முதல் 1000 வரை ஆண்டவர். நமது நகரத்தை 997-ல் நிறுவியவர் என்று சொல்வார்கள். சந்தைச் சதுக்கத்தில் உயர்ந்த தூணின் மேல் நிற்பவர் அவர்தான், அந்தத் தூணின் நிழலே சூரிய மணிக்கூடு. மற்றவர் ஊலாவ் ஹரால்ட்ஸன். 1015-ல் அரசரானவர், பகையால் நாட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்து 1030 ஜூலை 29-ல் ஸ்டிக்லஸ்டாட் என்ற இடத்தில் போரில் இறந்தார். மதத்தைப் பரப்பியதில் வாளும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. மறு வருடமே, 1031-ல், அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். உடலைத் தோண்டி எடுத்தபோது முடியும் நகமும் வளர்ந்திருந்தன என்பது கதை. அவர் கல்லறைமேல் எழுந்ததுதான் நிடாரோஸ் பேராலயம். ஒஸ்லோவிலிருந்து அந்தப் பேராலயத்துக்கு வரும் யாத்திரைப் பாதை 643 கிலோமீற்றர், இன்றும் முதுகுப் பையோடு நடந்து வருகிறார்கள். நோர்வே அரச இலச்சினையில் சிங்கம் பிடித்திருக்கும் கோடரி அவருடையது. தங்கச்சி, உங்கள் பிள்ளை பிறக்கப் போகிற மருத்துவமனையின் பெயரே செயின்ட் ஊலாவ்ஸ். பெயர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அவன் ஊலாவ் வீட்டில்தான் கண் திறக்கப் போகிறான்.

2030-ல் அந்தப் போருக்கு ஆயிரம் ஆண்டு. நாடு முழுக்கக் கொண்டாட ஆயத்தம் செய்கிறார்கள். உங்கள் மகன் பாலர் பள்ளிப் பிள்ளையாக இருப்பான், இந்தப் பெயரை அந்த வருடம் நிறையக் கேட்பான்.

புனிதர் என்பதால் சைவப் பிள்ளைக்குப் பொருந்தாது என்று நான் நினைக்கவில்லை. இங்கே பெயர் வைக்கும் பெற்றோரில் பெரும்பாலோர் கோயிலை நினைத்து வைப்பதில்லை, தாத்தாவை நினைத்துத்தான் வைக்கிறார்கள். அதே நேரம் மாமிக்குப் பொய் சொல்லவும் வேண்டாம். புனிதரின் பெயரும்தான், அதற்கு முந்தைய பெயரும்தான் என்று இரண்டையும் சொல்லுங்கள்.

இன்னொரு ஊலாவ் இருக்கிறார். புலம்பெயர்ந்த எங்களுக்கு இவர் கதைதான் நெருக்கம் என்பது என் எண்ணம். 1387-ல் நான்காம் ஊலாவ் என்ற இளவயது அரசர் இறந்த பிறகு 570 வருடம் அந்தப் பெயரில் அரசர் இல்லை. 1905-ல் சுவீடனோடு இருந்த ஒன்றியம் முடிந்தபோது நோர்வேக்கு அரசர் தேவைப்பட்டார். டென்மார்க் இளவரசர் கார்லை அழைத்தார்கள். அவருடைய மனைவி பிரித்தானிய இளவரசி. இருவருக்கும் இங்கிலாந்தில் 1903-ல் பிறந்த ஒரே மகன், பெயர் அலெக்ஸாண்டர். தகப்பன் தன் பெயரை ஹோக்குன் என்று மாற்றிக்கொண்டார், இரண்டு வயது மகன் ஊலாவ் ஆனான். வெளிநாட்டில் பிறந்த, வேறு பெயர் வைத்த பிள்ளை. அந்தப் பிள்ளை 1928 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றது. 1957 முதல் 1991 வரை அரசராக இருந்தது. 1973 எண்ணெய் நெருக்கடியில் வார இறுதியில் கார் ஓட்டத் தடை வந்தபோது பனிச்சறுக்குப் பலகையோடு டிராமில் ஏறி, பயணச்சீட்டுக்குக் காசு நீட்டும் அவருடைய படம் இங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் இல்லத்தின் பொது அறையிலும் தொங்குகிறது. அவர் 1991 ஜனவரியில் இறந்தபோது அரண்மனை முன் பனியில் சனம் மெழுகுதிரி ஏற்றி வைத்ததை எங்கள் முதியவர்கள் கண் கலங்கித்தான் சொல்வார்கள். இந்த நாட்டுக்காரரின் மிக நோர்வேத்தனமான பெயர், இரண்டு வயதில் வந்திறங்கிய ஒரு பிள்ளைக்குப் புதிதாக வைத்த பெயர்.

மற்ற நாடுகளில் வடிவம் மாறும். சுவீடனில் ஊலொஃப், செல்லமாக ஒல்லெ. 1986-ல் கொல்லப்பட்ட பிரதமர் ஊலொஃப் பால்மெ நினைவிருக்கும். டென்மார்க்கில் ஓலெ. ஒளி பயணிக்க நேரம் எடுக்கிறது என்பதை 1676-ல் முதலில் காட்டிய ஓலெ ரோமரையும், லெகோவைத் தொடங்கிய ஓலெ கிர்க் கிறிஸ்தியான்ஸனையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பின்லாந்தில் ஓலவி. லண்டனில் இருப்பவர்கள் தெம்ஸ் நதியோரத்து டூலி ஸ்ட்ரீட்டில் நடந்திருந்தால் அதுவும் செயின்ட் ஓலேவ் என்ற பெயர் தேய்ந்து வந்ததுதான். இங்கே சராசரி நோர்வேக்காரரைக் குறிக்க ஊலா நூர்மன் என்பார்கள், செய்தியில் அடிக்கடி வரும், உண்மையான ஆள் என்று தேடாதீர்கள்.

*

காலையில் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள், பதிவு எப்படி என்று.

பிள்ளை பிறந்து ஆறு மாதத்துக்குள் பெயரை வரி நிருவாகத்தின் குடிசனப் பதிவேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். தெரிவிக்காவிட்டால் பிள்ளைக்குத் தாயின் குடும்பப் பெயரே வந்துவிடும். எங்கள் மூத்தவளுக்கு ஊரிலிருந்து நல்லெழுத்து வரட்டும், பஞ்சாங்கம் பார்க்கட்டும் என்று இழுத்து இழுத்து ஐந்தாவது மாதம் முடியும்வரை போய்விட்டோம். கடைசி வாரம் இரவிரவாக இருந்து படிவம் நிரப்பினோம். நீங்கள் பிறக்க முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று பெட்டி இருக்கும். இங்கே நடுப்பெயர் என்பது குடும்பப் பெயர் வகை, அதற்குள் இரண்டாவது அழைக்கும் பெயரைப் போடாதீர்கள். இரண்டு அழைக்கும் பெயர் வேண்டுமானால் இரண்டையும் முதற்பெயர்ப் பெட்டிக்குள் எழுதுங்கள். ஊலெ குன்னார் என்று ஒருவர் இருந்தால் அது முழுவதும் முதற்பெயர்தான், இரண்டையும் சேர்த்தே கூப்பிடுவார்கள். 200 பேரோ அதற்குக் குறைவாகவோ வைத்திருக்கும் குடும்பப் பெயரை அவர்கள் சம்மதமில்லாமல் எடுக்க முடியாது. தகப்பன் அல்லது தாயின் பெயரோடு மகன், மகள் என்ற ஈற்றைச் சேர்த்துக் குடும்பப் பெயராக்கவும் சட்டம் இன்னும் இடம் தருகிறது. எதைச் செய்தாலும் ஊர்க் கடவுச்சீட்டிலும் இங்கேயும் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கட்டும். ஊலாவ் என்றால் நோர்வே முறையில் கடைசி எழுத்து வீ. எஃப் போட்டால் வேற்று நாட்டுப் பெயர் மாதிரித் தெரியும்.

தங்கச்சி, என் அபிப்பிராயத்தையும் கேட்டீர்கள். மேலாளர் மேல் இருக்கும் நன்றியில் மட்டும் வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். நாளைக்கு வேலை மாறும், ஊர் மாறும். பெயரின் பொருளுக்காக வைப்பதென்றால், மூதாதையின் வாரிசு என்று பொருள்பட்ட பெயருக்குப் பக்கத்தில் மூதாதையின் பெயரும் நிற்க வேண்டும். உங்கள் மாமனார் பெயர் கந்தசாமி என்று எழுதியிருந்தீர்கள். கந்தன் ஊலாவ் என்று சேர்த்துப் பாருங்கள். எது முன்னால் என்பது உங்கள் இருவர் விருப்பம். மேலாளரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள், உங்கள் பெயரை என் மகனின் தாத்தா பெயரோடு சேர்த்து வைக்கிறோம் என்று. அவர் வீட்டிலும் ஒரு தாத்தா ஊலாவ் இருந்திருப்பார்.

படிவம் அனுப்ப முன் ஒன்று செய்யுங்கள். பல்கனியில் நின்று இரண்டு பெயரையும் சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள், முதலில் நீங்கள், பிறகு கணவர், பிறகு தொலைபேசியில் மாமி. மூன்று மணிக்கே இருட்டும் மார்கழியில், சறுக்கு மேட்டிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரச் சொல்லி அவனை அப்படித்தான் கூப்பிடப் போகிறீர்கள்.